முதலில் நாலு தகரம் நிறுத்துங்கள், அண்ணாச்சி

கேள்வி: டாக்டரம்மா, நான் பாளையங்கோட்டைப் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கிற மேஸ்திரி. என்னிடம் 14 பேர் வேலை பார்க்கிறார்கள். அதில் ஒரு சித்தாள், வயது 43, பதினோரு வருஷமாக என்னோடு இருப்பவர். சட்டி தூக்கும்போதும் இருமும்போதும் அவருக்கு ஒண்ணுக்குக் கசிந்துவிடுகிறதாம். சேலை நனைந்தது தெரியக் கூடாதென்று கலவைத் தண்ணீரைத் தானே மேலே சிந்திக்கொள்வாராம். பையன்கள் இரண்டு பேர் ஏதோ சொல்லிச் சிரித்ததில் நாலு நாளாக வேலைக்கு வரவில்லை. என் வீட்டுக்காரி போய்ப் பார்த்தபோதுதான் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார். காலையில் ஒரு டீயோடு சரி, சாயங்காலம் வீடு போகும்வரை தண்ணீரே தொடுவதில்லையாம். இது தீருகிற நோயா? புதுச் சுவருக்குத் தண்ணீர் அடிக்கிற மாதிரி லேசான வேலைக்கு மாற்றிவிடட்டுமா? இன்னொன்று, என் மூத்த கொத்தனாருக்கு 58 வயது. அரை மணிக்கு ஒரு தரம் சாரத்தை விட்டு இறங்கி ஓடுகிறார். சில நாள் பாதி வழியிலேயே ஆகிவிடுகிறது. அவருக்கும் இதேதானா?

பதில்:

அண்ணாச்சி, உங்கள் கடிதத்தில் அந்தக் கலவைத் தண்ணீர் வந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பதினோரு வருஷம் ஒரே ஆளிடம் வேலை பார்த்த ஒருத்தி, தன் மேல் தானே தண்ணீரைக் கொட்டிக்கொண்டு இதை மறைத்திருக்கிறார். ஒரு மேஸ்திரி இதைக் கேட்டு எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை. சொன்னது உங்கள் வீட்டுக்காரம்மாவிடம், உங்களிடம் இல்லை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். அவரிடம் நேரே போய், "டாக்டர் இப்படி எழுதியிருக்காங்க" என்று பேச வேண்டாம். இதற்கு மேலும் உங்கள் வீட்டுக்காரம்மா வழியாகவே போகட்டும்.

என்னிடம் வருகிற பெண்களும் இதை நேராகச் சொல்ல மாட்டார்கள். இடுப்பு வலி, வெள்ளைப்படுதல், அசதி என்று எல்லாம் சொல்லி, மருந்துச் சீட்டும் வாங்கி, கதவைத் திறக்கப் போகும்போது, "அப்புறம் டாக்டர், இருமினா லேசா ஒண்ணுக்கு…" என்று இழுப்பார்கள். எத்தனை வருஷமாக என்று கேட்டால், "கடைசிப் பிள்ளை பிறந்ததிலிருந்து" என்பார்கள். அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமே ஆகியிருக்கும். பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் உள்ளதுதான் என்று அம்மா சொல்லியிருப்பாள், பக்கத்து வீட்டு மதினி சொல்லியிருப்பாள், சில இடங்களில் டாக்டரே சொல்லியிருப்பார். பரவலாக இருக்கிறது என்பது உண்மைதான். அதற்காகப் பொறுத்துக்கொண்டே கிடக்க வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்கு இது நன்றாகக் குறையும், நிறையப் பேருக்கு முழுக்கத் தீரும்.

நம் வீட்டு நார்க்கட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்பெலும்புக்கு அடியில் அதே மாதிரி குறுக்கும் நெடுக்குமாகத் தசை பின்னியிருக்கிறது. நீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. பிரசவத்தில் அந்த நார் தளரும். வருஷக்கணக்காகப் பளு தூக்கினால், தூசியில் ஓயாமல் இருமினால், மலச்சிக்கலில் முக்கினால் இன்னும் தொய்யும். தொய்ந்த பிறகு சட்டியைத் தூக்கும்போது வயிற்றுக்குள் எழும் அழுத்தம் நேரே கீழே இறங்குகிறது, நீர்ப்பையின் வாய் தாங்காமல் கொஞ்சம் விட்டுவிடுகிறது. இது ஒரு வகை. இன்னொன்று அவசர வகை, அதில் நீர்ப்பை நிறையும் முன்பே தானாகச் சுருங்கத் தொடங்கிவிடும். வருகிறது என்று தெரிந்த கணத்தில் ஓட வேண்டும், ஓடினாலும் போய்ச் சேர முடியாது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த அம்மாவுக்கு முதல் வகை நிச்சயம் இருக்கிறது. தண்ணீரே குடிக்காமல் இருப்பதால் இரண்டாவதும் சேர்ந்திருக்கலாம்.

தண்ணீரைக் குறைத்தால் கசிவு குறையும் என்பது கேட்பதற்குச் சரியான கணக்காகத்தான் தெரியும். உடம்பு அப்படி நடப்பதில்லை. குடிக்காதபோது சிறுநீர் கடுகெண்ணெய் நிறத்தில் கெட்டியாகி நீர்ப்பையின் உட்சுவரை உறுத்துகிறது. உறுத்தினால் கொஞ்சம் சேர்ந்ததுமே சுருங்கத் தோன்றும். நாற்றமும் கூடும். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் உங்கள் வீட்டுக்காரம்மா அவர் காதில் போட்டால் போதும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் இந்தப் பெண்கள் எதையும்விட அதிகமாகப் பயப்படுவது வாடைக்குத்தான், வாடை போக வேண்டுமென்றால் தண்ணீர் குடித்தாக வேண்டும். இதோடு மலம் இறுகும், நீர்க்கடுப்பு வரும், சிறுநீரகத்தில் கல் சேரும். சித்திரை வெயிலில் மேல்தளத்தில் சட்டி சுமக்கிற ஒருத்தி காலையில் குடித்த ஒரு டீயோடு நிற்கிறார் என்பது எனக்குக் கசிவைவிடப் பெரிய கவலை. மயங்கிச் சாரத்துப் பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம்.

கடும் வெயிலில் உழைக்கிறவருக்கு இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டும், அதாவது ஏறக்குறைய கால் லிட்டர். தாகத்தில் ஒரு செம்பை ஒரேயடியாகக் கவிழ்த்தால் அது ஒரேயடியாகத்தான் வெளியேறவும் செய்யும். சிறுகச் சிறுகக் குடித்தால் வியர்வைக்குப் போனது போக மிச்சம்தான் நீர்ப்பைக்கு வரும். பதினோரு மணி டீயும் நாலு மணி டீயும் நீர்ப்பையைச் சீண்டுகிறவை, அதில் ஒன்றையாவது மோராகவோ, காப்பித்தூள் போடாத சுக்கு வெந்நீராகவோ மாற்றச் சொல்லுங்கள். பழைய சோற்று நீராகாரம் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

சரி, குடி என்று நாம் சொல்லிவிடலாம். குடித்தால் அவர் எங்கே போவார்? அதைச் சொல்லாமல் இதை மட்டும் சொல்லும் டாக்டர்களில் நானும் ஒருத்தியாக இருந்தேன். பெருமாள்புரம் பக்கம் நாங்கள் வீடு கட்டியபோது வேலை ஏழு மாதம் நடந்தது. தினமும் ஆஸ்பத்திரி விட்டு வரும் வழியில் போய் நின்று ஜன்னல் அளவு சரியா, பூச்சு நேராக இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பேன். அங்கே நாலு பெண்கள் வேலை பார்த்தார்கள், அவர்கள் எங்கே போகிறார்கள் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. பக்கத்து மனையில் உடங்காடு அடர்ந்து கிடந்தது. ஒரு நாள் ஜேசிபி வந்து அதை வழித்துவிட்டுப் போனது. அன்று சாயங்காலம் ஒரு சித்தாள் என் மாமியாரிடம் வந்து, "ஆத்தா, உங்க பழைய வீட்டுக் கக்கூஸுக்குப் போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். பழைய வீடு அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அப்போதே நான் இந்த நோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவள்.

இப்போது மகாராஜ நகர், கேடிசி நகர், என்ஜிஓ காலனி என்று எந்தப் பக்கம் போனாலும் மனைகள் அடைந்துவிட்டன. ஆம்பிளைகள் சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள். பெண்கள் காலை எட்டு மணியிலிருந்து இருட்டும்வரை அடக்குகிறார்கள், அடக்குவதற்காகக் குடிக்காமல் இருக்கிறார்கள். நோயில் பாதி அவர் உடம்பிலிருந்து வந்தது, மீதியை நாம் கட்டுகிற இடத்தில்தான் உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம். அவர் உடம்புக்கு நான் வைத்தியம் சொல்லலாம். இந்த மீதிப் பாதிக்கு மருந்து உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஆகவே வேலை எடுக்கும்போதே வீட்டுக்காரரிடம் பேசுங்கள். எப்படியும் அந்த வீட்டுக்குக் கழிவுக்குழி தோண்டத்தான் போகிறார்கள். அஸ்திவாரம் தோண்டுகிற நாளிலேயே ஒரு ஓரமாக இரண்டு உறை இறக்கி, ஒரு பேசின் பதித்து, சுற்றி நாலு தகரம் நிறுத்துங்கள். வேலை முடிந்து தகரத்தையும் பேசினையும் அடுத்த இடத்துக்கு எடுத்துக்கொண்டு போகலாம். வாசல் கலவை போடுகிற இடத்தைப் பார்த்து இருக்க வேண்டாம். எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நடந்து போக வேண்டியிருந்தால் கட்டியும் பயன் இல்லை, யாரும் போக மாட்டார்கள். உள்ளே நாதாங்கி வேண்டும். ஒரு வாளித் தண்ணீர், ஒரு கப்பு, மூடி போட்ட ஒரு தொட்டி, பை மாட்ட ஒரு ஆணி. இந்த ஆணியையும் மூடி போட்ட தொட்டியையும் யாரும் யோசிக்க மாட்டார்கள். மாற்றுத்துணி வைத்திருக்கிற பெண்ணுக்கு அவை இல்லாவிட்டால் அந்த இடம் கழிப்பறையே இல்லை.

வீட்டுக்காரர் முகம் சுளித்தால் சட்டத்தைச் சொல்லுங்கள். கட்டுமானத் தொழிலாளருக்கான 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்துக்குப் பொருந்தும் என்றது. தொழிலாளர் அங்கிருக்கும் நேரமெல்லாம் போகக்கூடிய வகையில் கழிப்பறை இருக்க வேண்டும் என்று அதன் 33ஆம் பிரிவு சொன்னது. குடிதண்ணீர் வைக்கிற இடம் கழிப்பறையிலிருந்து 6 மீட்டருக்குள் இருக்கக் கூடாது என்பதுகூட அதில் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக வேண்டும் என்கிறது. ஆனால் சட்டத்தைக் காட்டி நாதாங்கி வாங்கியவரை நான் பார்த்ததில்லை. நீங்கள் மதிப்பீட்டில் ஒரு வரியாக எழுதிக் கொடுத்துவிடுங்கள், காசு வந்துவிடும்.

இடம் வந்தால் அடுத்து நேரம். "அண்ணாச்சி, போய்ட்டு வாரேன்" என்று ஒரு பெண் ஆம்பிளைகள் நடுவில் உங்களைக் கேட்கும்படி வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எல்லோருக்கும் சின்ன இடைவேளை என்று வைத்துவிட்டால் யார் எங்கே போகிறார் என்று யாரும் பார்க்கப் போவதில்லை. தளம் போடுகிற நாளில் நடுவில் நிறுத்த முடியாது, அது எனக்கும் தெரியும். அன்றைக்கு மட்டும் ஒரு ஆள் கூடுதலாக வைத்து, வரிசையில் நிற்கிறவர்களை ஒவ்வொருவராக மாற்றி விடுங்கள்.

பளு விஷயத்துக்கு வருகிறேன். ஈரக்கலவைச் சட்டியைத் தரையிலிருந்து குந்தித் தூக்குகிற அந்த ஒரு கணத்தில்தான் அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது, கசிவதும் அப்போதுதான். கலவையைத் தரையில் கொட்டாமல் இடுப்பு உயரத்தில் ஒரு பலகை மேடையில் வைத்தால், அல்லது சட்டியை இன்னொரு ஆள் தூக்கி விட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். நிறைய நிறைய அள்ளாமல் முக்கால் சட்டியாகப் போகட்டும். இது எல்லோருடைய முதுகுக்கும் நல்லது, ஆகையால் அவருக்காகச் செய்கிறேன் என்று சொல்லவே வேண்டியதில்லை.

இப்போது அவர் செய்ய வேண்டியது. மருந்து மாத்திரைக்கு முன்னால் இந்த நோய்க்கு முதல் வைத்தியம் ஒரு பயிற்சிதான். 1948இல் ஆர்னால்ட் கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியது, இன்றுவரை அதைத் தள்ளிவிட்டு வேறொன்று வரவில்லை. செய்முறையை உங்கள் வீட்டுக்காரம்மா படித்துச் சொல்லட்டும். நாலு பேர் இருக்கிற இடத்தில் வயிற்றுக் காற்றை எப்படி அடக்குவோம்? அப்படியே பின்வாயை உள்ளே இழுக்க வேண்டும், அதே நேரத்தில் வருகிற ஒண்ணுக்கை நிறுத்துவது போல முன்பக்கத்தையும் மேலே இழுக்க வேண்டும். ஐந்து எண்ணும்வரை பிடித்து, ஐந்து எண்ணும்வரை விட வேண்டும். பழகப் பழகப் பத்துவரை போகலாம். மூச்சை அடக்கக் கூடாது. தொடை, பிட்டம், வயிறு எதுவும் இறுகக் கூடாது, வெளியே பார்க்கிறவருக்கு ஒன்றுமே தெரியக் கூடாது. ஒரு வேளைக்கு எட்டுத் தரம், நாளைக்கு மூன்று வேளை. படுத்துக்கொண்டு ஆரம்பித்தால் எளிது, பிறகு பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம்.

நிறையப் பேர் இதை இரண்டு வாரம் செய்துவிட்டு, "ஒண்ணும் தெரியலை டாக்டர்" என்று விட்டுவிடுகிறார்கள். குறைந்தது மூன்று மாதம் வேண்டும், தொய்ந்த தசை அவ்வளவு சீக்கிரம் ஏறாது. இன்னும் சிலர் இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்குகிறார்கள், அது இருப்பதையும் கெடுத்துவிடும். ஒரு தடவையாவது மகளிர் நோய் மருத்துவரிடமோ, இது தெரிந்த பிசியோதெரபிப் பெண்ணிடமோ காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஒண்ணுக்கு இருக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவது வேண்டாம், நீர் முழுக்க வெளியேறாமல் தங்கும்.

இதோடு ஒரு உத்தி உண்டு. சட்டியைத் தூக்குவதற்கு ஒரு நொடி முன்னால் அந்தத் தசையை இழுத்துப் பிடித்துவிட்டு, மூச்சை வெளியே விட்டபடி தூக்க வேண்டும். இருமல் வரும்போதும் அப்படித்தான். இது பழகிய சித்தாள் ஒருவர், "சும்மாடு வைக்கிற மாதிரி டாக்டர், அது இல்லாம இப்ப சட்டியில கையே வைக்கிறதில்ல" என்று என்னிடம் சொன்னார். நான் இத்தனை வருஷம் படம் வரைந்து விளக்கியதைவிட அது நல்ல விளக்கம், அன்றிலிருந்து நானும் அதையே சொல்கிறேன்.

கசிவு குறையும்வரை துணிக்கு என்ன செய்வது? மாதவிடாய் நாப்கினை வைத்துச் சமாளிக்கிறவர்கள் நிறைய. அது நிதானமாக வருவதை உறிஞ்சுவதற்காகச் செய்யப்பட்டது, திடீரென்று வருகிற நீரை அவ்வளவு சீக்கிரம் இழுக்காது. சிறுநீருக்கென்றே தனிப் பேட் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. கட்டுப்படியாகாவிட்டால் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து நாலாக மடித்தது நாலைந்து போதும், மாற்றிக்கொள்ள இடமும் வெயிலில் உலர்த்த வசதியும் இருந்தால். ஆனால் கட்டுமான வேலையில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. சிமெண்ட் காரத்தன்மை உள்ளது. தொடையிடுக்கில் ஈரம் ஊறியிருக்கும்போது சிமெண்ட் தூசி படிந்தால் தோல் வெந்து புண்ணாகும். அதை அரிப்பு என்று நினைத்துக் கடையில் ஏதாவது களிம்பு வாங்கித் தடவினால் இன்னும் மோசமாகும். காலையிலேயே தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ அங்கே தடவிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஈரமானால் உடனே வெறும் தண்ணீரில் கழுவித் துணி மாற்ற வேண்டும். அதற்கு முன் கையில் இருக்கிற சிமெண்டைக் கழுவ வேண்டும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு? எப்படியும் ஒரு தடவை போக வேண்டும். கீழே கனமாக இருக்கிறது, ஏதோ இறங்கி வருகிறது என்றால் அது அடி இறக்கம், அதற்கு வளையம் வைத்தும் சமாளிக்கலாம், அறுவை சிகிச்சையும் உண்டு. எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் நீர்ப் பரிசோதனை. ராத்திரி பகல் இல்லாமல் எந்நேரமும் ஒழுகிக்கொண்டே இருந்தால், அதுவும் கர்ப்பப்பை எடுத்த பிறகோ கஷ்டப்பிரசவத்துக்குப் பிறகோ தொடங்கியது என்றால், நீர்ப்பையில் துவாரம் விழுந்திருக்கலாம், அது பயிற்சியால் தீராது, அறுவை சிகிச்சைதான். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. இன்னொன்றை உங்கள் ஆட்கள் எல்லோருக்குமே சொல்லி வையுங்கள். மேலிருந்து விழுந்த பிறகோ, பளு தூக்கி முதுகு பிடித்த பிறகோ, உட்காரும் இடம் மரத்துப்போய், கால் தளர்ந்து, ஒண்ணுக்கு அடைத்துக்கொண்டாலும் தெரியாமல் போனாலும் அது முதுகுத்தண்டு நரம்பு நசுங்கியதன் அறிகுறி. எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருக்காமல் அந்த மணியே ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

அந்த அம்மாவுக்கும் ஹைகிரவுண்டே போதும். மகளிர் நோய்ப் பிரிவில் பார்த்து, தேவைப்பட்டால் சிறுநீர்ப் பாதை நோய்களைப் பார்க்கிற யூராலஜிக்கு அவர்களே அனுப்புவார்கள். காலையில் போனால் அன்றைய கூலி போய்விடும் என்பதுதான் இவர்கள் வராததற்குக் காரணம், வெட்கம்கூட அதற்கப்புறம்தான். அந்த ஒரு நாள் கூலியை நீங்கள் கொடுத்துவிட்டால், நான் எழுதிய மற்றதெல்லாவற்றையும்விட அது சீக்கிரம் வேலை செய்யும். ஒருவேளை அறுவை சிகிச்சை என்று ஆனால் வாரக்கணக்கில் பளு தூக்கக் கூடாது. அவர் திரும்பி வரும்போது இடம் இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

லேசான வேலைக்கு மாற்றுவது பற்றிக் கேட்டீர்கள். நல்ல மனசில்தான் கேட்கிறீர்கள், ஆனால் அவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். கூலி குறைந்தால் அது தண்டனை. கூலி குறையாவிட்டாலும், "ஏன் அவளுக்கு மட்டும்?" என்ற பேச்சு வரும், அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். அப்புறம், தண்ணீர் அடிக்கிற வேலையைச் சொன்னீர்களே, ஓடுகிற தண்ணீரின் சத்தமே அவசர வகை உள்ளவர்களுக்கு நீர்ப்பையைத் தூண்டிவிடும். ஹோஸைக் கையில் பிடித்ததும் முட்டிக்கொண்டு வருகிறது என்பார்கள். எந்த வகை என்று தெரிந்த பிறகு அவரே சொல்லட்டும்.

சிரித்த பையன்கள் இரண்டு பேரையும் அவர் பெயரைச் சொல்லித் திட்ட வேண்டாம், திட்டினால் தெரியாதவர்களுக்கும் தெரிந்துவிடும். வேலை செய்கிற இடத்தில் பொம்பளை ஆட்களைப் பற்றி எந்தப் பேச்சும் கூடாது, பேசினால் மறுநாள் வர வேண்டாம் என்று பொதுவாகச் சொல்லுங்கள். இந்தச் சிரிப்பை அடக்க மேஸ்திரி குரல் போதும்.

கொத்தனார் அண்ணாச்சி கதை வேறு. 58 வயதில் அரை மணிக்கு ஒரு தரம் என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இரண்டு, சர்க்கரையும் புரோஸ்டேட் வீக்கமும். புரோஸ்டேட் என்பது ஆண்களுக்கு நீர்ப்பைக்கு அடியில் இருக்கிற சுரப்பி, அது வீங்கினால் நீர்க்குழாய் நெருங்கும், போனாலும் முழுக்கக் காலியாகாது, கொஞ்ச நேரத்தில் மறுபடி நிறைந்துவிடும். ரொம்ப முற்றினால் நிரம்பி வழிகிற மாதிரி சொட்டிக்கொண்டே இருக்கும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறாரா, சாயங்காலம் மது உண்டா என்பதையும் கேளுங்கள். மாத்திரையாக இருந்தால் அவராக நிறுத்தக் கூடாது, நேரத்தை மாற்ற முடியுமா என்று கொடுத்த டாக்டரிடம் கேட்கலாம்.

அவர் விஷயத்தில் என் பயம் கசிவு இல்லை, சாரம்தான். அவசரத்தில் இறங்குகிறவர் எங்கே கால் வைக்கிறோம் என்று பார்ப்பதில்லை. பரிசோதனை முடியும்வரை கீழ்த்தளத்துப் பூச்சு, டைல்ஸ் என்று தரையில் நிற்கிற வேலை கொடுங்கள். நல்ல கொத்தனாருக்குக் கீழே வேலையா இல்லை? கூலியும் அதேதான். அவசரம் வந்தால் ஓடக் கூடாது என்றும் சொல்லுங்கள். ஓடினால் கூடும். அசையாமல் நின்று, மேலே சொன்ன மாதிரி தசையை ஐந்தாறு தரம் இழுத்து இழுத்து விட்டால் அந்த அலை ஒரு நிமிஷத்தில் அடங்கும், அடங்கிய பிறகு நடந்து போகலாம். ஆண்களுக்கும் அந்தத் தசை உண்டு, இந்தப் பயிற்சி உண்டு. பையில் ஒரு மாற்று லுங்கி இருக்கட்டும்.

மாத்திரை கொடுக்கும்போது தன் வேலை என்ன என்பதை அவர் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், புரோஸ்டேட்டுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் எழுந்து நிற்கும்போது தலையைச் சுற்ற வைக்கும். சாரத்தில் ஏறுகிறவர் என்று தெரிந்தால் நேரத்தையோ மருந்தையோ மாற்றித் தருவார்கள். அவசர வகைக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் வியர்வையைக் குறைத்துவிடும். ஏசி அறையில் இருப்பவருக்கு அது ஒன்றுமில்லை. நம் ஊர் பங்குனி, சித்திரை வெயிலில் நாள் முழுக்க நிற்கிறவருக்கு வியர்க்காவிட்டால் உடம்புச் சூடு இறங்க வழியில்லை, வெப்ப மயக்கத்தில் கொண்டு விட்டுவிடும். அந்த அம்மாவுக்கும் இதே மாத்திரை எழுதப்பட வாய்ப்பு உண்டு, ஆகையால் அவரும், "நான் சித்தாள் வேலை, வெயிலில்தான் நிற்பேன்" என்று சொல்லட்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லட்டும்.

கொத்தனாருக்குக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறாரா என்று இப்போதே பாருங்கள். இரண்டு வருஷத்தில் 60 ஆகிவிடும், ஓய்வூதியத்துக்கு அது வேண்டும். நாளைக் காலையில் அவரை வேலைக்குக் கூப்பிடாமல் சர்க்கரை பார்க்க அனுப்புங்கள். வெறும் வயிறு என்றால் டீயும் கூடாது, அதனால் வழியில் டீக்கடைப் பக்கம் திரும்பாமல் நேரே போகச் சொல்லுங்கள்.